தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்

நான்சிக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி, ஞாயிறு காலை எட்டரைப் பூசையில், ஊரோடு சேர்த்து நான்சிக்கும் தெரியவந்தது.

"மணமகன் கண்ணமங்கலம் கிளமெண்ட். மணமகள் நம் பங்கைச் சேர்ந்த நான்சி. இது முதல் ஓலை" என்று புதிதாக வந்திருந்த ஃபாதர் ஒலிபெருக்கியில் வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

மூன்று ஞாயிறு இப்படி வாசித்து, யாரும் வாய் திறக்காவிட்டால் நாலாவது வாரம் பிரியாணி. இந்தப் பங்கில் இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. பிரியாணிக்கு எதிராக யார் பேசுவார்கள்?

நான்சிக்கு வயது முப்பத்தொன்பது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்கள். அம்மா அமலோற்பவம் மட்டும் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஓலைக்குப் பெண் வீட்டுக் கையெழுத்தைப் போட்டது யார் என்று நான்சிக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் பவுல்துரை காத்திருந்தார். பட்டுக்கடை முதலாளி, பங்குப் பேரவைத் துணைத் தலைவர். அவர் வணக்கம் சொன்னாலே அதற்கு முன்னுரையும் முடிவுரையும் இருக்கும்.

"இன்னாம்மா, சந்தோஷம்தானே? தவக்காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் கிடையாது. அதான் ஜல்தியா ஓலை போடச் சொன்னேன். ஃபாதர் உன்ன விசாரிக்கணும்னாரு. நான் இருக்கேன், அதெல்லாம் அப்புறம்னுட்டேன்."

"நான் எப்ப அங்கிள் சரின்னேன்?"

"போன வாரம் கேட்டதுக்கு 'பாக்கலாங்க அங்கிள்'னியே! பொம்பளப் புள்ள பாக்கலாம்னா சரின்னுதான் அர்த்தம். உங்க ஆன்ட்டியும் அப்படித்தான் சொன்னா."

நான்சி 'பாக்கலாம்' என்று சொன்னது உண்மைதான். பதினைந்து வருடமாக வந்த வரன்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முட்டி நின்று, பிறகு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிளமெண்டுக்கு மட்டும் வேறு பெண் அமையவில்லை. மனைவியை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது, காலில் ஆறாத சர்க்கரைப் புண்.

"முகூர்த்தப் புடவை என் செலவு" என்றார் பவுல்துரை. "முந்தானையில மாப்பிள்ள பொண்ணு பேரு வரணும்னு, உன் கூட இருக்கிற பொண்ணுகிட்டயே டிசைன் குடுத்துட்டேன்."

உன் கூட இருக்கிற பொண்ணு. ஒன்பது வருடமாக ஒரே மாடி வீட்டில் இருக்கும் மதிவதனிக்கு ஊர் வைத்திருந்த பெயர் அது. தேசூர்க்காரி. பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். வயது முப்பத்தாறு. ஆனால் இங்கே கல்யாணமாகாதவள் நரைத்தாலும் பொண்ணுதான்.

நான்சி வீட்டுக்குள் நுழைந்தபோது திரையில் அந்த முந்தானைதான் இருந்தது. மாங்காய்களுக்கு நடுவே குட்டிக் குட்டிக் கட்டங்களில் கிளமெண்ட், நான்சி.

"எப்ப வந்துச்சு இது?"

"வெள்ளிக்கிழம."

"ஏன் மதி கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். அம்மா போட்ட கையெழுத்து."

"நம்பறேன்." மதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாக்கலாம் பாக்கலாம்னு நீ சொல்லிகினே இருந்த. அவங்க பாத்துட்டாங்க. எனக்கு பேஜாராயிடுச்சு நான்சி. ரெண்டாவது ஓலை படிச்சாங்கன்னா நான் தேசூருக்குப் போயிடுவேன். கோவத்துல சொல்லல. முடியல."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் பங்கு அலுவலகத்தில் ஃபாதர் இருந்தார். ஃபாதர் இருந்தால் பக்கத்து நாற்காலியில் பவுல்துரையும் இருப்பார்.

"தடை சொல்ல வந்திருக்கேன் ஃபாதர்."

"எந்த ஓலைக்கும்மா?"

"எனக்குப் படிச்சதுக்கு. எனக்குச் சம்மதமில்ல."

ஃபாதர் உடனே நோட்டை இழுத்தார். "இருங்க ஃபாதர்" என்று தடுத்தார் பவுல்துரை. "சம்மதமில்லன்னா ஒரு காரணம் வேணும்ல? வேற யாராச்சும் பையனாம்மா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப தடையே இல்லியே!"

"நான் மதிகூட வாழறேன்."

"தெரியும்மா. நல்ல பொண்ணு. கல்யாணத்துக்கு அப்புறமும் வந்து போகட்டும். கிளமெண்ட் தங்கமான மனுஷன், ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான்சிக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் புரியும்படி கணக்கை உடைத்துச் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். "அங்கிள், உங்களுக்கு ஆன்ட்டி எப்படியோ, எனக்கு மதி அப்படி."

கல்யாணம், கருமாதி, கொடியேற்றம், சாக்கடை அடைப்பு, எதற்கும் பேச்சு வைத்திருந்தவர் பவுல்துரை. இதற்கு வைத்திருக்கவில்லை. உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்:

"ஏன், எங்கள மாதிரி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லியா?"

ஃபாதர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியதும் பேனாவை எடுத்தார். "ஓலைய நிறுத்திடறேம்மா. காரணத்துக்கு 'உடல்நலக் குறைவு'ன்னு எழுதறேன். உனக்கும் நல்லது."

"எனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு ஃபாதர்."

"உனக்கு நல்லதும்மா" என்று மறுபடி சொல்லிவிட்டு எழுதினார்.

உடல்நலக் குறைவு ஒரே நாளில் வளர்ந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அமலோற்பவம் ஆப்பிள் பையோடு மாடியேறி வரும்போது அது கர்ப்பப்பைக் கட்டியாகியிருந்தது.

"உக்காரும்மா. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் நான்சி. "கல்யாணம் வேணாம்னு நான்தான் சொன்னேன். மதிதாம்மா எனக்கு எல்லாம்."

சமையலறை வாசலில் நின்ற மதியை அமலோற்பவம் பார்த்தாள். ஒன்பது கிறிஸ்துமஸுக்கும் அவள் கையால் சாப்பிட்டவள்தான்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதாடி?"

"சொல்லாம இருந்ததாலதானே நீ கையெழுத்துப் போட்ட."

"நான் போயிட்டா உன்ன யாரு பாத்துப்பாங்க? அதுக்குத்தான் போட்டேன்."

"கிளமெண்டு கால் புண்ணுக்கு யாரு கட்டு போடுவாங்கன்னு மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்களா?"

அமலோற்பவம் முந்தானையைத் திருகினாள். "கேட்டாங்க. நீ போடுவேன்னு சொன்னேன்."

மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. அமலோற்பவம் சிரிக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்தும் போகவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாதர் சங்கம். நாலைந்து பேர், பவுல்துரையின் மனைவி முன்னால். "ஹார்லிக்ஸ் குடுக்கலாமா, ஆபரேஷனுக்கு முன்னாடி?" என்று ஒருத்தி கேட்பது உள்ளேவரை வந்தது.

"தூங்கறான்னு சொல்லி அனுப்பிடட்டுமா?" என்று அமலோற்பவம் கிசுகிசுத்தாள். நான்சிக்கு அப்படிச் செய்ய ஆசையாகத்தான் இருந்தது. பங்கில் நானூறு குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"வேணாம்மா" என்று நான்சி எழுந்தாள்.

"இரு" என்று மதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நானும் வரேன்."

இருவருமாகப் போய்க் கதவைத் திறந்தார்கள்.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க" என்றாள் நான்சி. "ஒண்ணு சொல்லணும்."