உரிக்காமல் விட்ட கைப்பிடி

தொழிற்சாலையின் கருவி அறையைப் பார்த்துக்கொள்பவளுக்கு எலக்ட்ரீஷியன்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. முகத்துக்கு நேரே அக்கா, முதுகைத் திருப்பினால் எக்ஸ்ரே. அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மாதத்தின் முதல் திங்களன்று பதினெட்டுப் பேரின் கருவிகளும் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூ டிரைவரையும் கட்டிங் பிளேயரையும் உலர்ந்த துணியால் துடைத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிசுக்கோடு கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். "இதென்ன கைப்பிடியா, எண்ணெய்ச் சட்டியா?" விரிசலை மறைத்து டேப் சுற்றி வந்தவன் பாடு இன்னும் மோசம். "டேப்பு சுத்திட்டா? கரண்டுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா நீ?"

மின்சாரம் தாங்கும் கைப்பிடிக்கு உறை இரண்டு அடுக்கு. மேலே சிவப்பு, அடியில் மஞ்சள். சிவப்பு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்துவிட்டால் அந்தக் கருவியின் ஆயுள் தீர்ந்தது. தீர்ந்ததை அப்படியே குப்பையில் போடவும் கூடாது. அவசரத்துக்கு எவனாவது எடுத்துவிடுவான். கத்தியால் உறையை நெடுக்கக் கீறி, வெறும் இரும்பாக உரித்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் உரித்துத்தான் போட்டாள், ஒரே ஒரு பிளேயரைத் தவிர.

அது அவள் புருஷனுடையது. அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அவருடைய கருவிப் பை மேசைமேல் இருந்தது. கடைசி இரண்டு மாதம் "மறந்துட்டேன், நாளைக்குத் தரேன்" என்று அவர் ஏன் மழுப்பினார் என்பது பையைத் திறந்ததும் புரிந்தது. பிளேயரில் கட்டைவிரல் பதியும் இடத்தில் சிவப்பு தேய்ந்து, விரல் நுனி அளவுக்கு மஞ்சள். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். திருட்டு மனுஷன், புதுசு கேட்டால் கொடுக்க மாட்டாளா என்ன?

கத்தியை எடுத்தாள். உரிக்கக் கை வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அவர் விரல் பட்டுத் தேய்ந்த இடம் அது. கம்பெனிப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகவும் அவளுக்குப் பழக்கமில்லை. துணியில் சுற்றி மேசை இழுப்பறையின் பின்பக்கம் வைத்தாள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த நாளை வரவே இல்லை. அறையில் யாரும் இல்லாதபோது எடுத்து, மஞ்சள் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள். பிறகு உள்ளே வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

போன மாதம் கண் டாக்டரைப் பார்க்க அரை நாள் விடுப்பு எடுத்தாள். புதுக் கருவிகள் இருக்கும் அலமாரியின் சாவி கைப்பையோடு போய்விட்டது. அதுவும் அவள் தப்புதான். அன்றைக்குப் பார்த்து மின் பலகையில் அவசர வேலை. செத்துப்போன புருஷனுடைய பழைய கூட்டாளி, அவளை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுகிறவர், தன் பிளேயரைத் தூரத்துக் கட்டடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். அலமாரி பூட்டியிருக்க, அவள் மேசை இழுப்பறையைத் திறந்து துணியில் சுற்றியிருந்த பிளேயரை எடுத்தார். இரண்டரை மணிக்கு விரிசல் வழியாக மின்சாரம் கைக்குள் இறங்கி, அவரை ஏணியிலிருந்து தூக்கி எறிந்தது. உயிர் மிஞ்சியது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் அவர் என்ன காரணத்துக்கோ, பிளேயரைத் தானே வெளியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லிவிட்டார். பாதுகாப்பு அதிகாரி அதையே அறிக்கையாக எழுதினார்: தொழிலாளியின் அலட்சியமே காரணம். அடியில் கருவி அறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஒரு தீப்பொறி தெறிக்காமல் வேலை பார்த்த மனிதர், அவள் கையெழுத்தோடு அலட்சியக்காரர் ஆகிவிடுவார். அவள் போடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனாள்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி சாப்பாடு பிசைந்து வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்றவள் தட்டோடு அடுக்களைக்குப் போனாள்.

"ஏன் தம்பி பொய் சொன்னீங்க?" என்று எக்ஸ்ரே நின்றபடியே கேட்டாள்.

"உக்காருங்க அண்ணி."

"அது என் இழுப்பறையில இருந்தது. உரிக்காம வச்சது நான். உண்மைய எழுதப்போறேன். இந்தக் கை என்னாலதான் போச்சு."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களால இல்ல. நான் ஒண்ணும் கண்ணு தெரியாம எடுக்கல. துணியப் பிரிச்சதுமே மஞ்சள் தெரிஞ்சிது. விரிசலும் தெரிஞ்சிது."

"தெரிஞ்சுமா?"

"அவன் பிளேயர்னும் தெரிஞ்சிது அண்ணி. கட்டைவிரல வச்சேன், அப்படியே பொருந்துச்சு. அவன் பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு ஒயர் முனைதானே, அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு ஏறிட்டேன். இத யார்கிட்ட சொல்ல முடியும்? அலட்சியம்னே எழுதிக்கட்டும். உங்க வேலையாவது மிஞ்சும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் எக்ஸ்ரே, தன் இழுப்பறைக்குள் பார்க்காமல் போனாளே. அவரும் கண்ணைத் துடைக்கத் தோளை உயர்த்தினார். செத்துப்போனவரை நினைத்து இரண்டு பேரும் அழுதார்கள்.

கதவோரத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் சோற்றுப் பருக்கை இன்னும் ஒட்டியிருந்தது.

"போனவருக்காக நீங்க உரிக்காம விட்டீங்க. போனவருக்காக இவரு அத எடுத்தாரு. இருக்கிறவ என்னப் பத்தி ரெண்டு பேருல ஒருத்தருக்கும் நெனப்பு வரலையேக்கா. மூணு வேளையும் ஊட்டுறேன். சட்டைப் பொத்தான் போட்டு விடுறேன். என்னைய வேலைக்காரின்னு திட்டுறாரு, அப்பறம் ராத்திரி முழுக்க மன்னிப்புக் கேக்குறாரு. நீங்க அழுதுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

எக்ஸ்ரே தாளைப் பிரித்து முழங்கால்மேல் வைத்தாள். அலட்சியம் என்ற வரியை அடித்துவிட்டு அதற்கு மேலே எழுதத் தொடங்கினாள்: கருவி என் இழுப்பறையில் இருந்தது. கழித்த கருவியை உரிக்காமல் வைத்தது நான்.

"வேண்டாம் அண்ணி, வேலை போயிடும்" என்று அவர் பேனாவைப் பிடிக்க எட்டினார். பழக்கத்தில் வலது கையைத்தான் நீட்டினார். கட்டுப் போட்ட முனை தாள்மேல் வந்து, பிடிக்க முடியாமல் நின்றது.

அவர் மனைவி அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தலையணைமேல் வைத்தாள்.

"எழுதட்டும், விடுங்க" என்றாள்.