மோந்து பார்க்கும் விளையாட்டு

காந்தா மலைக்கு வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ஒடுகத்தூரில் அவள் தெருவே அவளுக்காகப் பரிதாபப்பட்டது. மலைக்காய்ச்சல், அட்டைக்கடி, பஸ் எட்டிப் பார்க்காத ஊர் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். அங்கே எதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. மலையிலிருந்து திருட்டுத்தனமாக இறங்குகிற கட்டைகளை வாங்கி லாரி ஏற்றிவிடுகிற பெரிய மனிதர்கள் அவள் தெருவிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர்கள் எதற்கு இதையெல்லாம் பேசப் போகிறார்கள்?

எண்பத்திரண்டாம் வருஷம் அது. அவள் போய்ச் சேர்ந்த மலை ஊரான குமிழங்கொல்லையில் பால்வாடி என்பது ஓர் ஓட்டு அறை, பின்னால் ஒரு சமையல் கொட்டகை, அதில் கஞ்சி காய்ச்ச அதே ஊர்க்காரி சாந்தம்மாள், அவ்வளவுதான். காந்தா பயிற்சியில் ஒன்றை மனதில் ஆழமாக வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குப் புத்தகம் வேண்டாம், பிரம்பு வேண்டவே வேண்டாம். அது தொட்டு, மோந்து, கலைத்து, அடுக்கி, விளையாடியே உலகத்தைப் படித்துக்கொள்ளும். இதை அவள் சும்மா ஒப்பிக்கவில்லை, மனசார நம்பினாள். அந்த நம்பிக்கைதான் பின்னால் அவளை உயிரோடு கொன்றது.

அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, கடுக்காய், கூழாங்கல், புளியங்கொட்டை, காய்ந்த சுரைக்குடுக்கை எல்லாவற்றையும் போடச் சொல்லி எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்க்க வைத்தாள். செம்மண்ணையும் மஞ்சளையும் கரைத்து, இலையில் தடவி, சுவர் முழுக்க அச்சு வைக்க விட்டாள். குழந்தைகள் தலையோடு கால் சேறாக வீட்டுக்குப் போனார்கள். தாய்மார்கள் சிரியாய்ச் சிரித்தார்கள்.

“மண்ணுல பொரள்றதுக்கு எங்கூட்டு நாய்க்குக் கூடத் தெரியும். அதுக்கு ஒரு டீச்சரா?” என்று கேட்டாள் மணியம்மாள். கேட்டது காந்தாவின் முகத்துக்கு நேராகவே.

அந்த மணியம்மாளின் மகள்தான் முத்தம்மாள். நாலு வயசு. வாய் மட்டும் நாற்பது வயசு. விதைக்கு வைத்திருந்த அவரையை அப்பன் சடையன் ஒருநாள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு பிடியை அள்ளிச் சட்டிக்குள் இருந்த தண்ணீரில் போட்டாளாம். மிதந்ததையெல்லாம் எடுத்து, உள்ளே பூச்சி இருக்கிறது, உடைத்துப் பார் என்றாளாம். உடைத்தால் பூச்சி. சடையன் அதிகம் பேசாதவன். அதற்குப் பிறகு தினமும் மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்து பால்வாடி வாசலில் அவனே இறக்கிவிட்டான். இறக்கியதும் அவள் தலையில் கையை வைப்பான். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை ஆழமாக ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஓடுவாள். காந்தாவுக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். தன் அப்பா தன்னை அப்படி ஒருநாளும் தூக்கியதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

குழந்தைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மோந்து பார்க்கிற விளையாட்டு. மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட தகர டப்பாக்கள். ஒன்றில் வெங்காயம், ஒன்றில் எலுமிச்சை இலை, ஒன்றில் தேன்மெழுகு, இன்னொன்றில் ஆட்டுப்புழுக்கை. காந்தாவின் பழைய புடவைக் கிழிசலால் கண்ணைக் கட்டிவிட்டு டப்பாவை மூக்கருகே நீட்டுவார்கள். சரியாகச் சொன்னால் எல்லாரும் கை தட்ட வேண்டும். தெரிந்ததைப் பயப்படாமல் சத்தமாகச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்கு இருந்த சட்டம் இவ்வளவுதான்.

ஜமுனாமரத்தூரிலிருந்து சூப்பர்வைசர் அம்மா பார்வையிட வருகிறாள் என்று தகவல் வந்ததும், ஆளுக்கொரு புது வாசனை கொண்டுவாருங்கள் என்று காந்தா சொல்லி அனுப்பினாள். காலையில் முத்தம்மாள் கையை இறுக்கி மூடிக்கொண்டு வந்தாள். விரித்தால் ஒரு மரச் செதில், விரல் நீளம் இருக்கும். மோந்து பார்த்த காந்தாவுக்கு உடனே தெரிந்துவிட்டது, சந்தனம். ஒடுகத்தூரில் அவள் வீட்டுச் சாமி மாடத்தில் எப்போதும் ஒரு சந்தனக்கட்டையும் அரைக்கிற கல்லும் கிடக்கும். தெருவில் எந்த வீட்டில்தான் இல்லை? இங்கேயும் சாமிக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். சந்தோஷமாக வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

கீழே சாமிக்கு அரைக்கிற பொருள்தான், மலையில் ஆளை உள்ளே தள்ளுகிற பொருள். கொல்லையில் தானாக முளைத்த மரமானாலும் சர்க்கார் மரம். அதனால் குமிழங்கொல்லையில் எந்தச் சாமிக்கும் சந்தனம் கிடையாது, மஞ்சளும் சாம்பலும்தான். சாமை பொய்த்த வருஷங்களில் கீழிருந்து வருகிற தரகன் சொல்படி மரம் வெட்டி, மேலே இருக்கிற வெள்ளையைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே வாசனை ஏறிய வைரக் கட்டையைக் கட்டி வைத்திருந்த வீடுகள் அந்த ஊரில் பாதிக்குப் பாதி. ஆனால் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள், குழந்தைகள் இருக்கிற இடத்தில் சத்தியமாக மாட்டார்கள். பெயரே தெரியாவிட்டால் பிள்ளைகள் எதைப் போய் வெளியே சொல்லும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மூக்கு என்று ஒன்று இருப்பதை மறந்துபோனார்கள். பெயரே சொல்லாததால், வெளியே எடுத்துப் போகாதே என்றும் பிள்ளைகளிடம் சொல்ல முடியவில்லை.

ஊருக்குப் பாதை பிரிகிற இடம் வரைக்கும் வருகிற பஸ்ஸும் அன்றைக்கு ஓடவில்லை. சூப்பர்வைசர் அம்மா என்ன செய்வாள், பாவம். அந்தப் பக்கம் வந்த காட்டிலாகா ஜீப்பில் இடம் கேட்டு ஏறிக்கொண்டாள். கூடவே ஃபாரஸ்டரும் இரண்டு வனக் காவலர்களும் வந்து இறங்கினார்கள்.

காக்கியைக் கண்டதும் குழந்தைகள் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்றிரண்டு விசும்ப ஆரம்பித்தன. காந்தாவுக்கு அவமானமாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். மாமா நல்லவர், ஒன்றும் செய்ய மாட்டார், பயப்படக் கூடாது என்று கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றி வந்த பயத்தை அவள் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள், பாவி.

ஃபாரஸ்டர் பார்ப்பதற்கு மோசமான மனிதராகத் தெரியவில்லை. தன் பெண்ணுக்கும் இதே வயசுதான் என்று சொல்லிச் சம்மணம் போட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டார். சுவரிலிருந்த இலை அச்சுகளைப் பார்த்து, அது என்ன மரத்து இலை, இது என்ன மரத்து இலை என்று கேட்டார். குழந்தைகள் டாண் டாண் என்று பதில் சொன்னார்கள். சூப்பர்வைசர் அம்மாவின் முகம் மலர்ந்தது. காந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முத்தம்மாளின் முறை வந்தது. கண்ணைக் கட்டியதும் வெங்காயம் என்றாள், எலுமிச்சை என்றாள், மெழுகு என்றாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அடுத்த டப்பாவை ஃபாரஸ்டரே ஆசையாக எடுத்து அவள் மூக்கருகே நீட்டினார். துணிக்குக் கீழே அவள் வாய் அகலமாகச் சிரித்தது.

“எங்கப்பா” என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டப்பாவுக்குள் உன் அப்பன் எப்படி வந்தான் என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டாள்.

“எங்கப்பா கை” என்று திருத்திச் சொன்னாள் முத்தம்மாள்.

ஃபாரஸ்டர் சிரித்துக்கொண்டே டப்பாவைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனார். சிரிப்பு நின்றது. மூடியைத் திறந்து செதிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காந்தாவுக்கு இன்னும் புரியவில்லை. தற்செயலாகச் சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பினாள். சாந்தம்மாள் கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. காந்தாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒரேயடியாக விளங்கிற்று.

“அது என்னுது சார். எங்கூட்டு சாமிக்கு அரைக்கிற கட்ட. ஒடுகத்தூர்ல இருந்து நான்தான் கொண்டாந்தேன்” என்றாள். 

ஃபாரஸ்டர் அவளைப் பார்த்தார். கீழ்நாட்டுப் பெண், சொல்வது நம்புகிற மாதிரிதான் இருந்தது. செதிலை டப்பாவில் திரும்பப் போடக் கை போயிற்று. விட்டிருப்பார்.

முத்தம்மாள் கண் கட்டை அவிழ்த்தாள். டீச்சர் தப்பாகச் சொல்கிறாளே என்ற கவலை அவளுக்கு. தெரிந்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுதானே சட்டம்.

“இல்ல டீச்சர், நான்தான் கொண்டாந்தேன். எங்கூட்டுப் பரண்ல நெறைய கீது.”

சரியான பதில் என்று நினைத்து மற்றக் குழந்தைகள் கை தட்டினார்கள்.

வீட்டைக் காட்டு என்று அவளை ஜீப்பிலேயே முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். காந்தா பின்னாலேயே ஓடினாள். முத்தம்மாளுக்கு அதுதான் முதல் ஜீப் சவாரி. வழியில் நின்றவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு போனாள். சடையன் மேட்டுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். ஜீப் சத்தம் கேட்டால் காட்டுக்குள் மறைந்துவிடுகிறவன்தான். அன்றைக்கு மறையவில்லை. காக்கிகளுக்கு நடுவில் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு அவனாகவே மேட்டிலிருந்து ஓடி இறங்கி வந்தான். பிடிப்பதற்கு அவர்கள் ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை.

பரணில் இருந்த கட்டைகளை ஏற்றினார்கள். கூட யார், எந்தத் தரகன் என்று அங்கேயே கேட்டார்கள். தெரியாது என்ற ஒரு சொல்லைத் தவிர அவனிடமிருந்து வேறு ஒன்றும் வரவில்லை. மகள் முன்னாலேயே அடித்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பி, ஒண்ணுமில்ல, உள்ள போ என்று சொன்னதைக் காந்தா கேட்டாள். முத்தம்மாள் உள்ளே போகவில்லை.

வேலூர் ஜெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அவன் தம்பி அருணகிரி, அண்ணன் வலது கையைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறான், விரல்கள் மடங்குவதில்லை என்றான். எந்த இடத்தில், எப்படி ஆயிற்று என்று சடையன் சொல்லவில்லையாம். பேர் எதையும் அங்கேயும் சொல்லவில்லையாம். ஊரில் பாதிப் பேர் அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டார்கள், மூச்சு விட்டதற்காக வெட்கமும் பட்டார்கள். ஒடுகத்தூரின் சலவைச் சட்டைகளில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

மணியம்மாள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் காந்தா அந்த வீட்டுக்குப் போனாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மணியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

“உங்க மேல தப்பு இல்லீங்க டீச்சர். நாங்கதான் புள்ளைங்களுக்கு ஒண்ணும் சொல்லி வைக்கல. இனிமே சொல்லி வைக்கிறோம்” என்றாள்.

அதில் கோபமே இல்லை. காந்தா அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

பால்வாடி காலியாகவே கிடந்தது. சாந்தம்மாள் கஞ்சியைக் காய்ச்சி, வருவாரில்லாமல் மாட்டுக்கு ஊற்றினாள். காந்தாவோடு அவள் பேச்சை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொண்டாள். வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு மலையிறங்கிவிடலாம் என்று காந்தா பல தடவை பெட்டியைக் கட்டினாள். ஆடி பிறந்து வீடுகளில் சாமைக் குதிர் தரை தட்டியதும் பசி குழந்தைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அனுப்பியது. முத்தம்மாளும் வந்தாள், தனியாக நடந்து. வாசலில் ஒரு கணம் நின்று, எதையோ மறந்துவிட்டவள் போலத் தன் உள்ளங்கையையே மோந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

குழந்தைகள் கஞ்சி குடித்தார்கள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் பாடினால் கூடப் பாடவில்லை. அண்டாவில் தண்ணீர் வைத்தால் யாரும் கையை விடவில்லை. எப்படியாவது அந்தச் சிரிப்பை மீட்டுவிட மாட்டோமா என்று காந்தாவுக்குத் தவிப்பாக இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில், அவர்களுக்கு மிகவும் பிடித்ததையே எடுத்தாள். டப்பாவும் வேண்டாம் என்று ஒரு வெங்காயத்தை மட்டும் இரண்டாக அரிந்து கையில் வைத்துக்கொண்டு, யார் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

ஒருவரும் அசையவில்லை. பிறகு முத்தம்மாளே எழுந்து வந்து, கண்ணைக் கட்ட முகத்தை நீட்டினாள். அவள் பழையபடி வருகிறாள் என்று நினைத்துக் காந்தா அவசரமாகத் துணியை எடுத்துக் கட்டினாள்.

வெங்காயத்தை மூக்கருகே நீட்டினாள். காரம் ஏறிக் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. கட்டியிருந்த துணி கண்ணீரில் நனைந்தது. காந்தா காத்திருந்தாள்.

“தெரியாது” என்றாள் முத்தம்மாள். சத்தமாக, பயப்படாமல் சொன்னாள்.

மற்றக் குழந்தைகள் எல்லாரும் கை தட்டினார்கள்.

முத்தம்மாள் துணியை அவிழ்த்து, சிவந்த கண்ணோடு காந்தாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“கரெக்டா சொன்னேனா டீச்சர்?”

காந்தா வெங்காயத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். சரியாகத்தான் சொன்னாய் என்று அவள் தலையைத் தடவினாள். அடுத்த குழந்தை கண்ணைக் கட்டிக்கொள்ள எழுந்து வந்தது.