ஐந்து பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும்

நான் படித்த கல்லூரியின் பெயரை என் அண்ணன் நார்பெர்ட் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. "ஹைஸ்கூலுக்குப் பக்கத்துல இருக்கிற இன்னொரு ஹைஸ்கூல்" என்பான். விருந்தாளிகள் இருந்தால் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும். "எங்க இடலினா ரெண்டு வருஷப் படிப்பை நாலு வருஷமா ரசிச்சுப் படிக்கிறா!"

அவன் பள்ளி முடித்ததும் நேராகக் கடலோரத்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனவன். அன்று சர்ச் மண்டபத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டார் அப்பா. நான்கு வருடம் கழித்து கழுத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தான். பட்டம் பெட்டியில் இருக்கிறது, பெட்டி நண்பன் வீட்டில் இருக்கிறது என்றான். இப்போது டிராக்டர் விற்கிறான். வாய்ப்பேச்சுக்குத்தான் அங்கே சம்பளம், பேச்சுக்கு அவனிடம் குறைச்சலே இல்லை.

எனக்கு மண்டபம் கிடையாது, சாப்பாடு கிடையாது. விடியலில் மாடு கறப்பேன், காலையில் கல்லூரிப் பதிவு அலுவலக ஜன்னலில் உட்கார்ந்து சீல் குத்துவேன், மத்தியானக் கறவை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போவேன். இந்த இரண்டு வருடச் சமூகக் கல்லூரியில் கலைப் பட்டம் வாங்கினால் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருடம் சேரலாம். எனக்கு இடமும் கொடுத்துவிட்டார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும்.

எங்கள் ஆலோசகர் ஸ்டோவால் ஒரு மகானுபாவர். நான்கு வருடமாக என் கோப்பைப் பார்த்து "சூப்பர், சூப்பர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பருவம் தொடங்கும்போதுதான் கண்ணாடியை மாட்டினார் போலிருக்கிறது. "அடடா, மேடைப் பேச்சு வகுப்பு எடுக்கவே இல்லையேம்மா? அது இல்லாம பட்டம் தரமாட்டாங்களே!" என்றார். அந்த வகுப்பு நடக்கும் நேரம் எல்லாம் மாடு கறக்கும் நேரம். ஆன்லைனில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஆன்லைன் பேச்சு வகுப்புக்கு ஒரு கூத்தான விதி உண்டு. பேசுவதைக் கேட்க ஐந்து பேர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐவரும் பதினெட்டு வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும். பேச்சுக்கு முன்னும் பின்னும் அவர்கள் முகத்தை வீடியோவில் காட்ட வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது, ஒருவர் எழுந்தாலும் செல்லாது. முதல் இரண்டு பேச்சுக்கு சர்ச் பெண்கள் வந்து கொட்டாவி விட்டுக் காப்பாற்றினார்கள். பாதி மதிப்பெண் உள்ள மூன்றாவது பேச்சுக்கு ஒருத்தியும் வரவில்லை.

ஆக, என் குடும்பம். இதைவிட மோசமான கூட்டத்தை எந்த வாத்தியாராலும் கற்பனை செய்ய முடியாது. புதன்கிழமை எடுத்ததில் லாரேனியோ சித்தப்பா நடுவில் கழிப்பறைக்குப் போனார். வியாழக்கிழமை எடுத்ததில் அம்மா அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று ஓடினாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கெடு. மத்தியானக் கறவை இரண்டு மணிக்கு. ஒரு மணிக்கு ஐந்து பேரையும் கூடத்தில் உட்கார வைத்தேன்: அப்பா, அம்மா, சித்தப்பா, நார்பெர்ட், அவன் மனைவி ஹெய்டி.

"பாப்கார்ன் இல்லையா?" என்றான் நார்பெர்ட்.

"எட்டு நிமிஷம் வாய மூடிட்டு உக்காரு, போதும்."

"எட்டு நிமிஷமா? என் யூனிவர்சிட்டில நோபல் பரிசு வாங்கினவரோட லெக்சர்லயே நான் அவ்வளவு நேரம் உக்காந்ததில்ல."

அது மட்டும் உண்மைதான், எனக்குத் தெரியும்.

கேட்பவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி பேச வேண்டும் என்பது பாடம். முதலில் சமூகக் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம், அதுதான் புத்திசாலித்தனம் என்று பேச எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அப்பாவும் அம்மாவும் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து அமெரிக்கா வந்து முப்பத்தைந்து வருடமாகியும் மாட்டோடுகூடப் போர்த்துகீசியம்தான் பேசுவார்கள், ஆங்கிலம் ஒரு வரி புரியாது. சித்தப்பா எந்த மொழியிலும் தூங்குவார். ஹெய்டி தொலைபேசியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து முகத்தையும் காட்டிவிட்டுத் தொடங்கினேன்.

நான்காவது நிமிடத்தில் நார்பெர்ட் பெருமூச்சு விட்டான். ஐந்தாவது நிமிடத்தில் தொடையைத் தட்டிக்கொண்டு எழ ஆரம்பித்தான். "சரி, புரிஞ்சுபோச்சு, ஹைஸ்கூல் நல்லது. எனக்கு ஒரு கஸ்டமர் வர்றான்."

அவன் இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பியிருந்தது. என் நான்கு வருட உழைப்பு அந்த ஒரு சாணில் தொங்கியது. அப்பாவைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தேன்.

"ஒரு உதாரணம் சொல்றேன்," என்றேன் ஆங்கிலத்தில். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நேரா பெரிய யூனிவர்சிட்டிக்குப் போனார். மூணே பருவம். கடைசிப் பருவத்துல எல்லாப் பாடத்துலயும் ஃபெயில், வெளிய அனுப்பிட்டாங்க. மிச்ச ரெண்டரை வருஷம் அந்த ஊர்ல டயர் கடைல இருந்தார். அதையும் எழுதிப் போன வருஷம் எங்க காலேஜுக்கே விண்ணப்பம் போட்டார். அவரோட மதிப்பெண் சான்றிதழ் என் ஜன்னலுக்குத்தான் வந்துச்சு. நான்தான் சீல் குத்தினேன். ஆனா அவர் வகுப்புக்கு வரவே இல்ல."

அப்படிச் செய்யக் கூடாது. ஜன்னலில் பார்த்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும். தெரிந்துதான் சொன்னேன், சொல்லும்போது இனித்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

நார்பெர்ட் உட்கார்ந்தான். முகம் செங்கல் நிறமாகிவிட்டது. ஹெய்டியின் விரல் தொலைபேசியில் நின்றது. மீதி மூன்று நிமிடம் அவன் அசையவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. ஐந்து முகத்தையும் காட்டினேன், கேமராவை நிறுத்தினேன்.

அப்பா முன்னால் சாய்ந்தார். "ஏன்டா நார்பெர்ட், அவ உன்னையே பாத்துப் பேசினா. உன்னப் பத்தி என்னடா சொன்னா?"

நார்பெர்ட் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"மகளே, நீயே சொல்லு," என்றார் அப்பா.

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நார்பெர்ட் என்னைப் பார்த்தான். அடி வாங்கப் போகும் பார்வை அது, எனக்கு அருவருப்பாக இருந்தது. இவனையா இத்தனை வருடம் பொருட்படுத்தி அழுதேன் என்று தோன்றியது. மானம் வாங்கப்படும் தகுதிகூட இவனுக்கு இல்லை, பிச்சை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். இதில் பாசம் கடுகளவும் கிடையாது.

"அண்ணன் இல்லன்னா எனக்கு யூனிவர்சிட்டில இடம் கிடைச்சிருக்காதுன்னு சொன்னேன்ப்பா," என்றேன் போர்த்துகீசியத்தில். "அவன் போன வழிய பாத்துத்தான் நான் என் வழிய கத்துக்கிட்டேன்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நார்பெர்ட் தரையைப் பார்த்தான். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீடியோவை அனுப்பினேன்.

பேச்சுக்கு வாத்தியார் 'பி' கிரேடு கொடுத்தார். ஒரே ஒருவரைப் பார்த்துப் பேசியதற்காக மதிப்பெண் குறைத்ததாக எழுதியிருந்தார். பட்டம் ஜூன் முதல் வாரம் வந்தது. அட்டை உறையிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நார்பெர்ட்டக் கூப்பிடு" என்றார்.

சர்ச் மண்டபத்தில் விருந்து வைத்தார், எனக்கும் ஒருவழியாக. ரொட்டியின் மேல் சோபாஸ் என்ற மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி ஊற்றிப் பரிமாறினார்கள். அப்பா கையில் ஒயின் கோப்பையோடு எழுந்து நின்றார்.

"என் பையன் நிழல் குடுக்கிற மரம் மாதிரி. இந்தப் பொண்ண அவன்தான் படிக்க வெச்சான். அவ வாயாலயே சொன்னா. நான் இல்ல, அவ அம்மா இல்ல, அவன்!"

இருநூறு பேரும் கைதட்டினார்கள், அவனுக்கு. சர்ச் பெண்கள் அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஹெய்டி தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

"என்ன முழிக்கிற? எழுந்து அண்ணனுக்கு நன்றி சொல்லு," என்றார் அப்பா.

நார்பெர்ட்டைப் பார்த்தேன். இப்போதாவது தலை குனிவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாதம் முன்பு செங்கல்லாக இருந்த முகம் வழவழவென்று இருந்தது. இவ்வளவு நாளில் அவனே நம்பிவிட்டான்.

எழுந்தேன். "நன்றி," என்றேன்.

"சே, சே, இதுல என்ன இருக்கு," என்றான் நார்பெர்ட், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அங்க போய் ஏதாவது புரியலன்னா கூச்சப்படாம எனக்கு ஃபோன் பண்ணு."