புண்ணாக்குக் காவல்

தூக்குவாளியின் மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ரோசம்மாள் தள்ளி நின்றுகொண்டாள். அவள் தள்ளி நின்றால்தான் மில் கணக்குப்பிள்ளை சம்மந்தம் கிட்டே வருவார். வந்தார். கையிலிருந்த புளிய மிளாறுக் குச்சியைக் கூழுக்குள் விட்டு அடிவரை துழாவினார். மிளாறை எடுத்து மோந்தும் பார்த்தார். கேழ்வரகுக் கூழுக்குள் நெருப்பை ஒளித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று ஒரு மனிதர் நிஜமாகவே நம்பினால் அவரிடம் என்ன பேசுவது? அந்தக் கூழைத்தான் மத்தியானம் அவள் குடிக்க வேண்டும்.

"இன்னாமே அது, இடுப்புல?"

"சுருக்குப்பைங்க. பொகையில."

"அவுத்து வெளியில வெச்சிட்டுப் போ. முந்தானைய ஒதறு."

உதறினாள். எதுவும் விழவில்லை. சம்மந்தத்துக்கு அதிலும் திருப்தியில்லை. விழாததனாலேயே இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டார் என்று தோன்றியது.

வில்லியனூருக்கு மேற்கே, உலகநாதனின் எண்ணெய் மில்லில், பின்பக்கத்துக் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓர் அட்டி புண்ணாக்கு மூட்டைகளுக்கு அப்படியொரு காவல் நடந்துகொண்டிருந்தது. தங்கத்துக்குக்கூட யாரும் அப்படிக் காவல் இருந்திருக்க மாட்டார்கள். முதலாளி பக்கத்துக்குச் சம்மந்தம். எதிர்ப் பக்கத்துக்கு ரோசம்மாள். அவள் புருஷன் மரியதாஸ்தான் காவலிருக்க வேண்டியவன். ஆனால் அவனுக்கு மில் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு.

சித்திரை பிறந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லுக்கு லீவு, பெரிய கிடங்கு எரிந்துபோனது. முந்தின நாள் சாயங்காலம்தான் மரியதாஸுக்கும் முதலாளிக்கும் வாய்ச்சண்டை. சூடு ஆறட்டும், அப்புறம் அடுக்கறேன் என்று அவன் சொல்ல, லீவுக்கு முன்னால் களம் காலியாக வேண்டும் என்று அவர் கத்த, கடைசியில் எல்லா மூட்டையையும் அடுக்கிவிட்டு வெளியே போகும்போது, "இந்த மில்லு எத்தினி நாளைக்கு நிக்கும்னு நானும் பாக்கறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனான். வாய் இருக்கிறதே, அதுதான் மனிதனுக்கு முதல் எதிரி. மறுநாள் மத்தியானம் கிடங்கு கூரையோடு எரிந்தபோது ஊரே ஒரே பெயரைத்தான் சொன்னது. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அடி மட்டும் எந்தக் கொடிக்குக் கீழேயும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே இருந்தான் என்று ரோசம்மாளைக் கேட்டார்கள். மாதா கோயிலில் பூசைக்கு வந்திருந்தார் என்று சொன்னாள். ஆம்பிள்ளைகள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. அவள் அவனைப் பார்க்கவில்லை. ஏரிக்கு மீன் பிடிக்கப் போனேன் என்று அவன் பிற்பாடு சொன்னான். மீன் எதுவும் வீட்டுக்கு வரவில்லை.

அவனை ஜெயிலுக்குப் போகாமல் அப்போதைக்கு நிறுத்தி வைத்தவர் நாகராஜன். மில்லை இன்ஷூரன்ஸ் செய்திருந்த கம்பெனி மெட்ராஸிலிருந்து அனுப்பிய ஆள். யாரோ வைத்த தீயென்றால் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும். தானாகப் பிடித்த தீயென்றால் கொடுக்க வேண்டாம். அதனால் அவர் தானாகத்தான் பிடித்திருக்கும் என்றார், உலகநாதன் மரியதாஸ்தான் வைத்தான் என்றார். ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஜெயில் மட்டும் ஒருத்தனுக்குத்தான்.

"எண்ணெய் ஊறின சாக்குல சூட்டோட புண்ணாக்கைக் கட்டி நெருக்கமா அடுக்கினா, உள்ளயே சூடு ஏறிக்கிட்டே போகும். வெளிய போக வழியில்லைன்னா ஒரு கட்டத்துல தானாவே பத்திக்கும்" என்று நாகராஜன் களத்தில் நின்று சொன்னபோது கூட்டம் சிரித்தது.

"அப்பிடின்னா எங்க வூட்டு மாட்டுத்தொட்டி எப்பவோ எரிஞ்சிருக்கணுமே சாரு" என்றான் ஒருவன்.

மாடு சுற்றிய மரச்செக்குப் புண்ணாக்கைத்தான் ஊர் அறியும். அது கைக்குப் பதமாக வரும். உலகநாதன் போன வருஷம் வாங்கிப் போட்ட மெஷின் மல்லாட்டைக் கடலையை நசுக்கித் தகடு தகடாகத் துப்புகிற புண்ணாக்கு, தொட்டால் விரல் பொத்துப்போகும். அந்த வித்தியாசத்தை நாகராஜன் சொல்லிப் பார்த்தார், யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் அதே மாதிரி ஓர் அட்டி போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஸ்டேஷனில் வைத்து முடிவாயிற்று. பிடித்தால் மரியதாஸ் மேல் கேஸ் இல்லை. பிடிக்காவிட்டால் அவன் உள்ளே.

முதல் அட்டி பிடிக்கவில்லை. பிடிக்கவிட்டால்தானே? ரோசம்மாள் ஒதுங்கிப் போய்விட்டு வந்தால் சம்மந்தம் ஒரு மூட்டையைப் பிரித்து, அவள் ஏதாவது சொருகியிருக்கிறாளா என்று தேடினார். அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், இந்த ஆள் தண்ணீர் ஊற்றிவிட்டானோ என்று அவள் பிரித்துத் தடவினாள். முதலாளி வந்தார், அவருக்கும் ஒருமுறை பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஏட்டு வந்தார், அவருக்கும். நாகராஜன் நீளமான சூட்டுமானியை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உலைமூடியைத் தொறந்து தொறந்து பாத்தா சோறு எப்பய்யா வேகும்? நீங்க ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டே இதை ஆற வச்சுட்டீங்க."

சம்மந்தம் அவருடைய மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அதைப் பிடித்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து நாகராஜன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் போக வேண்டும் என்று ஆயிற்று.

இரண்டாவது அட்டிக்கு நாகராஜன் புதிதாகச் சட்டம் போட்டார். யாரும் தொடக் கூடாது. மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டப்படும். சூடு பார்க்க ஒரு மூங்கில் குழாய் மட்டும் உள்ளே போகும். எரிந்தால், எரிந்து முடிந்த சாம்பலைப் போலீஸ் முன்னால் சல்லடையில் சலித்து, உள்ளே வேறு எதுவும் இல்லையென்று காட்ட வேண்டும். இன்னொன்று: அன்றைக்கு அடுக்கியவனே இன்றைக்கும் அடுக்க வேண்டும்.

எனவே மரியதாஸ் கேட்டுக்குள் வந்தான். அவனைச் சோதனை போட்டார்கள். சோதனை என்றால், சம்மந்தமும் முதலாளியின் ஆட்களும் எட்ட நின்று, "வேட்டிய அவுத்து ஒதறு, தலப்பாவ ஒதறு, வாயைத் தொற" என்றார்கள். அவனும் உதறினான், திறந்தான். ஒருத்தரும் அவனைத் தொடவில்லை. தொட்டால் வீட்டுக்குப் போய் முழுக வேண்டும்.

ரோசம்மாளுக்கு அப்போதுதான் பழைய கதை ஞாபகம் வந்தது.

பிரெஞ்சுக்காரன் இருந்தபோது வாச்சும் பவுண்டன் பேனாவும் சுங்கம் கட்டாமல் எல்லை தாண்டிப் போன வழிகளில் மரியதாஸும் ஒரு வழி. இந்தத் தெரு பிரெஞ்சு, அடுத்த வயல் இந்தியா என்று கிடந்த பூமியில் அவன் தலையில் ஒரு புல்லுக்கட்டோடு சுங்கச்சாவடி வழியாகவே நடந்து போவான். அங்கே இருந்தவர்களும் இதே மாதிரி எட்ட நின்றுதான் உதறச் சொன்னார்கள். "தொடமாட்டானுங்க ரோசா. அதான் நம்ம பூட்டு" என்று சிரிப்பான். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவனுக்குக் கனம் இருக்கும்போதுதான் நடை இன்னும் நேராக இருக்கும். எதிலும் எதையும் ஒளித்து வைக்கிற கை அது.

அந்தக் கை நடு வரிசையில் மூன்றாவது மூட்டையைத் தூக்கி வைத்தபோது, சாக்கின் வாய்க்குள் போய், ஒரு கண் சிமிட்டும் நேரம் நின்று, வெளியே வந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவர்களுக்கு அது மூட்டையைச் சரிசெய்கிற கை. ரோசம்மாளுக்கு அப்படியில்லை. தகர டப்பாவில் சாம்பலுக்கு நடுவே ஒரு வரட்டிக் கங்கை மூடி வைத்தால் எவ்வளவு நேரமானாலும் உயிரோடு கிடக்கும். பீடிக்கடையில் தொங்குகிற கயிற்றுத்திரியில் ஒரு முழம் போதும்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அவளுக்காக நின்றிருந்தான். அடிபட்ட கால் இன்னும் சரியாக ஊன்ற வரவில்லை.

"பயப்படாத. ரெண்டு நாளு. பத்திக்கும் பாரு" என்றான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"எப்பிடின்னு கேக்கறேன்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மூட்டயத் தூக்கனவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. டப்பா வெச்சியா என்று கேட்டால், கிடங்குக்கும் நீதான் வெச்சியா என்று கேட்பதாகத்தான் அர்த்தம். அந்தக் கேள்வியை ஏட்டு கேட்டார், முதலாளி கேட்டார், ஊர் கேட்டது. அவள் ஒருத்திதான் இன்னும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதை நம்பிக்கை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மட்டும் தெரியும், அது பயம். வெச்சிருந்தால் அவனை விட்டுவிடுவாளா? அதுவும் இல்லை. ஆனால் தெரிய வேண்டும். தெரியாமல் ஒருத்தனுக்குச் சோறு போடுவது அவளுக்கு மகா கஷ்டமாக இருந்தது.

மறுநாள் முழுக்க சூடு ஏறியது. அதற்கு அடுத்த நாள் காலையில் கொட்டகைக்குள் ஒரு வாடை வந்தது. முதலில் வறுத்த மல்லாட்டை மாதிரி, அப்புறம் அடிப்பிடித்த பால் மாதிரி. நாகராஜன் குழாயிலிருந்து சூட்டுமானியை எடுத்து, கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"இன்னைக்கே பிடிச்சுடும். நான் போய் இன்ஸ்பெக்டரையும் முதலாளியையும் கூட்டிட்டு வந்துடறேன். அவங்க கண்ணு முன்னால எரியணும், அவங்க கையால சாம்பலைச் சலிக்கணும். ஒருத்தரும் கிட்ட போகாதீங்க."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சம்மந்தம் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளையே முறைத்தார். வெயில் ஏறியது. வாடையோ, இத்தனை நாள் சரியாகத் தூங்காததோ, அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய் திறந்துகொண்டது. சந்தேகப்படுவதும் உடம்பை அலுக்க வைக்கிற வேலைதான்.

ரோசம்மாள் எழுந்து நின்றாள். சல்லடை சுவரில் சாத்தியிருந்தது, புதுச் சல்லடை. அதில் சாம்பல் எல்லாம் கீழே இறங்கிப்போய், தகர டப்பா ஒன்று மட்டும் மேலே நிற்பதை அவள் கண்ணால் பார்த்தாள். அப்புறம் அவனை எந்த சாமி வந்தாலும் காப்பாற்ற முடியாது. இந்தக் கேஸோடு அந்தக் கேஸும் சேரும். டப்பாவை இப்போதே எடுத்துவிட்டால்? அட்டி பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் ஜெயில்தான். ஆனால் நான் வைக்கவில்லை என்று சொல்லவாவது அவனுக்கு வாய் இருக்கும். மாதாவே என்று சொல்லிக்கொண்டு கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை ஒதுக்கினாள்.

மேல் மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது. அதைச் சத்தமில்லாமல் இறக்கினாள். அடுத்ததைத் தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டு அதையும் நகர்த்தினாள். நடு வரிசை, மூன்றாவது மூட்டை. வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டாள். கொதிக்கிற உலைப்பானைக்குள் விட்டதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினாள். தகடுகள் நொறுங்கின. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடியில். டப்பா இல்லை. திரி இல்லை. ஒரு துண்டு வரட்டிகூட இல்லை. சாக்கின் உள்பக்கம் பழுப்பேறி, நடுவில் கருத்துக் கிடந்தது. தீ வைத்த இடம் என்று அதில் எதையும் காட்ட முடியாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருகியிருந்தது.

வைக்கவில்லை. இவன் எதையும் வைக்கவில்லை! அன்றைக்குச் சாக்குக்குள் போன கை சூடு பார்த்த கைதான்.

இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கியது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, கை வெந்துகொண்டிருந்ததுகூட உறைக்கவில்லை. மில் நடுவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. வூட்டுக்குப் போனதும் அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் புகையைப் பார்த்தாள். அவள் கை விட்டுத் திறந்த சாக்கின் வாயிலிருந்து மஞ்சளாக, கனமாக எழுந்து வந்தது. சாக்கு நூலின் ஓரத்தில் ஒரு சிவப்பு தோன்றியது. பொட்டுப் பொட்டாக நகர்ந்து, சேர்ந்து, வெளிக்காற்று பட்டதும் சடாரென்று நாக்கு நீட்டியது. அவள் சாக்கின் வாயைப் பிடித்து மூடப் பார்த்தாள். பழைய மாதிரி அடுக்கிவிடலாம், மேல் மூட்டையைத் தூக்கி வைத்துவிடலாம் என்று என்னென்னவோ செய்தாள். மூட்டை அவள் கையிலேயே பற்றிக்கொண்டது.

"வெச்சிட்டா! நெருப்பு வெச்சிட்டா! நான் பாத்தேன், கண்ணால பாத்தேன்!" சம்மந்தம் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கேட்டில் நின்றிருந்த மரியதாஸ் புகையைக் கண்டு எல்லாருக்கும் முன்னால் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். அவளை இடுப்போடு சேர்த்து இழுத்து வெளியே வெயிலில் கொண்டுவந்து உட்கார வைத்தான். கொட்டகைக் கூரையில் தீ ஏறிவிட்டது. நாகராஜன் சைக்கிளைப் போட்டுவிட்டு, இறக்கி வைத்திருந்த மூட்டைகளையும் அவிழ்ந்து கிடந்த கயிற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இவர்கள் பக்கமாக நடந்து வந்தார்.

மரியதாஸ் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் நின்றது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, பிரியமாகத்தான் கேட்டான்.

"எனுக்காவ இன்னாடி வெச்ச அதுல?"

வைக்கவில்லை என்று சொல்வது சுலபம். அப்படியானால் கையை ஏன் விட்டாய் என்று அடுத்தது கேட்பான். ரோசம்மாள் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை. எண்ணெய்க் கரியில் கறுத்துத் தோல் உரிந்த அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்குகளில் தேடினான்.