தேய்த்து மறைத்த நீலம்

கண்ணாடி அக்கா என்றால் மரம் வெட்டுகிற ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மூக்கில் கண்ணாடி கிடையாது. அவள் சாணை பிடித்துக் கொடுக்கிற பிளேடில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அதனால் வந்த பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவளுடைய தம்பி சிப்பர் ஓட்டுகிறவன். வெட்டிப் போட்ட கிளைகளை அந்த இயந்திரத்தின் வாயில் செருகினால் மறுபக்கம் தூளாகக் கொட்டும். உள்ளே கனத்த இரும்புத் தட்டு, அதில் நாலு பிளேடு, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று. வேறு யார் சாணை பிடித்துத் தந்தாலும் பிளேடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் நெருடி, ஆயிரம் குறை சொல்லித்தான் மாட்டுவான். அக்கா கொடுத்தது என்றால் பிரித்த கையோடு மாட்டிவிடுவான். "எங்கக்கா வேலையை நான் சோதிக்கிறதா? நல்லா இருக்கே" என்பான். பதிமூன்று வருடமாக இதே பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அப்படிப்பட்டவள்தான் முந்தின நாள் மத்தியானம் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மூன்றாவது பிளேடைச் சாணைக்கல்லில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு சுட்டுவிடும். மகள் போனில் வந்து, பார்க்கிற வேலையை விடப்போகிறேன் என்றாள். நல்ல வேலையை எவளாவது விடுவாளா என்று இவள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர்க் குழாய் மடங்கிக்கொண்டது. குனிந்து பார்த்தபோது விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது.

நீலம் பாய்ந்த பிளேடை நம்பக் கூடாது. பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே முடி அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கலாம். கெட்டி மரம் பட்டதும் துண்டு தெறிக்கும். எங்கே தெறிக்கும், யார் மேல் பாயும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். "நீலம் பாத்தா தூக்கி எறி" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தவளே இவள்தான். ஊருக்குத்தானே உபதேசம்! உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். ஏமாற்ற வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. கறையோடு ஒரு பிளேடு தன் பட்டறையை விட்டுப் போவதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். நீலம் போனது. மற்ற மூன்றையும்விட அதுதான் பளபளத்தது. பிறகு வேறொன்று போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தாள், நினைப்போடு சரி. சாயங்காலம் தம்பி மனைவி வந்து நாலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் தம்பி போன் செய்தான்.

"பிளேடு மாட்டிட்டேன்க்கா. இன்னைக்கு முழுக்கக் காய்ஞ்ச கட்டை. பழைய வேலிக் கம்பிகூட மரத்துக்குள்ள ஏறிக் கெடக்கும்போல. உன் பிளேடு இருக்கு, எனக்கென்ன கவலை?"

அவள் ம் என்றாள். போனை வைத்ததும் டீத் தம்ளரைத் தள்ளி வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொல்லி வைத்ததல்ல. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? காதடைப்பானை மாட்டியிருப்பான். தம்பி மனைவியும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள், வெளியே சொல்ல முடியாத வார்த்தைகளில்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பின்மதில் ஓரம் வேலை. சிப்பர் இரைச்சல் தெருமுனைக்கே கேட்டது. தம்பி இயந்திரத்தின் வாய்க்கு நேரே நின்று தொடை தண்டிக் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அடுத்த கிளையை இழுத்து வந்துகொண்டிருந்தாள். அக்கா யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய் வாய்க்கு மேலிருந்த சிவப்புக் கம்பியைத் தள்ளினாள். கட்டை பாதியில் நின்றது. தம்பி எஞ்சினை அணைத்துவிட்டுக் காதடைப்பானைக் கழற்றினான்.

"என்னக்கா, வீட்ல யாருக்காவது ஏதாச்சுமா?"

"உனக்கு ஆயிருக்கும்டா. மூணாவது பிளேடு நீலம் பாஞ்சது. நான்தான் தேச்சு மறைச்சேன்."

தம்பிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முகம் எப்படியோ ஆகிவிட்டது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே தட்டு சுற்றி ஓயும்வரை மூவரும் நின்றார்கள். மூடியைத் திறந்து, தட்டு அசையாதபடி முளையைச் செருகி, ஸ்பேனரை எடுத்தான்.

"எது?"

"போல்ட் துளைகிட்ட சின்ன வடு இருக்கும் பாரு. அதான்."

அதைக் கழற்றினான். "சரி, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. மாத்து செட்ல இருந்து ஒண்ணு போட்டுக்கறேன். நீ உக்காருக்கா, மூச்சு வாங்குது."

தம்பி மனைவி கிளையைக் கீழே போட்டாள். வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற பெண் அவள். அந்தப் பழக்கத்தைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது.

"மத்த மூணையும் கழட்டிப் பாத்துடலாமே அண்ணி."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் ஓடிவந்து தானாகச் சொன்னவளிடம் இப்படி ஒரு பேச்சா? "அதுக்கெல்லாம் தண்ணி ஒழுங்கா விழுந்துச்சும்மா. என் கண்ணால பாத்தேன்."

"அக்காதான் சொல்றாளே" என்றான் தம்பி.

"பாக்கறதுல என்ன போச்சு?" தம்பி மனைவி குரலை உயர்த்தவில்லை. நகரவும் இல்லை. "வாய்க்கு நேரா நிக்கறது என் புருஷன்."

தம்பி மறுபடி ஸ்பேனரை எடுத்தான். மூன்றும் கழன்றன. லாரியில் இருந்த மண்ணெண்ணெயையும் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிய சாக்பீஸையும் வைத்துக்கொண்டு அக்காவே வேலையில் இறங்கினாள். பிளேடுகளைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, மறுபடி நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைத் தேய்த்தாள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் கோடாகத் தெரியும். வடு உள்ள பிளேடில் மூன்று கோடுகள் வந்தன. அவள் எதிர்பார்த்ததுதான்.

நாலாவதிலும் ஒரு கோடு வந்தது.

சாக்பீஸ் பட்டதில் விழுந்த கீறலாக இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். அதே இடத்தில் அதே கோடு. அந்தப் பிளேடில் நீலம் பாயவில்லை. தண்ணீர் விழுந்தது. அவள் பார்த்தாள். அப்படியானால் இது எப்படி வந்தது? கல் மழுங்கியிருந்ததா, கை அழுத்தியதா, வந்தபோதே இருந்ததா? அவளுக்குத் தெரியவில்லை. வடு உள்ளதை மட்டும் மாற்றியிருந்தால் தம்பி இந்நேரம் வாய்க்கு நேரே நின்றிருப்பான். அதுவும் அவள் சொன்ன சொல்லை நம்பி.

"ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா" என்றான் தம்பி. "விடு. நாலையும் தூக்கிப் போட்டுடலாம். மாத்து செட் அப்படியே இருக்கு."

லாரியிலிருந்து துணிச் சுருளை எடுத்து வந்து பிரித்தான். நாலு பிளேடும் வெயிலில் மின்னின. அவளே போன மாதம் சாணை பிடித்தவை. ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்பேனரோடு குனிந்தான்.

"வை கீழ" என்றாள் அக்கா.

"அக்கா, இது நீ குடுத்ததுதான்."

"அதனாலதான் சொல்றேன்."

பிடுங்கிக்கொண்டாள். எண்ணெய் தடவினாள், ஊறவிட்டாள், துடைத்தாள், வெள்ளை பூசினாள். தம்பி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லக்கா, சுத்தமா இருக்கு" என்றான், அவள் வெள்ளை பூசிக் கையை எடுக்கும் முன்பே.

"உன்னை யாருடா கேட்டா?"

பிளேடைத் தம்பி மனைவியிடம் நீட்டினாள்.

"நீ பாத்துச் சொல்லும்மா."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டாள். மர நிழலை விட்டு வெளிச்சத்துக்குப் போய் நின்று, அவசரமே படாமல், முனையிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.