கழுவக்கூடாத ஜன்னல்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜன்னலை நான் கழுவக்கூடாது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஹல்வர் எனக்குப் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டையும் கூரையிலிருந்து தரைவரை கழுவித் தள்ளுவோம். அழுக்கு ஜன்னலோடு பண்டிகை கொண்டாடுகிறவளை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். நான் அலமாரிக்குப் பின்னாலும் துடைக்கிற ரகம். ஆனால் முற்றத்தைப் பார்த்த அந்தச் சமையலறை ஜன்னலில் மட்டும் கை வைத்தால் சண்டைதான்.

"கண்ணாடி பளபளன்னு இருந்தா அதுல மரமும் வானமும் தெரியும், இங்குன். குருவி அதை வழின்னு நெனச்சு வந்து முட்டிக்கும். அந்த அழுக்குதான் அதுக்கு உயிர்" என்பான்.

லென்ஸ் வைக்க மட்டும் ஒரு சாஸர் அளவுக்கு வட்டமாகத் துடைத்துக்கொள்வான். பஸ் ஓட்டப் போகாத நாளெல்லாம் காப்பியும் கேமராவுமாக அங்கேதான் உட்கார்ந்திருப்பான். முற்றத்துக் கம்பத்தில் கிறிஸ்துமஸுக்குப் பறவைகளுக்கென்று ஓட்ஸ் கதிர்க்கட்டு கட்டுவோம். அதைத் தேடி டொம்பாப் குருவி ஜோடி வரும். ஆணுக்கு மார்பு செக்கச்செவேல் என்றிருக்கும், பெண்ணுக்குக் காப்பித்தூள் நிறம். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பதினோரு குளிர்காலமாக வாய்க்கவில்லை. ஒன்று வந்தால் இன்னொன்று கதிருக்குப் பின்னால் போய்விடும்.

இரண்டு வருஷம் முன்னால் அவனுக்குக் கால் இடறத் தொடங்கியது. அப்புறம் தசை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வந்தது. இந்தக் குளிரில் மிச்சம் இருந்தது கொஞ்சம் பேச்சும் வலது ஆள்காட்டி விரலும்தான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் ஒயரில் இருந்த பொத்தானை அந்த விரலோடு டேப் போட்டு ஒட்டிவிட்டேன். அந்த விரலும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"விரல் போறதுக்குள்ள அந்த ஒரு படம்" என்றான் ஹல்வர். "அப்புறம் என்னைச் சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிடு. உனக்கும் தொல்லை விட்டுது." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அவன் அக்கா போர்கில்ட் வந்திருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஊர் வாய் மொத்தமும் என் நாத்தனாரிடம் இருந்தது. ஜன்னலைப் பார்த்துவிட்டு, "உங்க ஜன்னல் வழியா பாத்தா மட்டும் எப்பவும் மழை பெய்யுதே, தாயே. அவனுக்குத்தான் கை விளங்கல. உனக்குமா?" என்றாள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மத்தியானம் மறுபடி வருவதாகப் போன் செய்திருந்தாள். அன்று காலை ஹல்வர் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். நான் வெந்நீரில் சோப்பும், கண்ணாடியில் உறையாமல் இருக்க ஸ்பிரிட்டும் ஊற்றி அந்த ஜன்னலை உள்ளும் புறமும் கழுவினேன். அவனால் வட்டம் துடைக்க முடியவில்லை, நான் துடைத்தால் கோடு விழுந்து படம் பால்போல் வருகிறது, அவனுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி போர்கில்டின் வாய்.

அவன் கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. ஜன்னலை வெகுநேரம் பார்த்தான்.

"கழுவிட்டியா?"

"உன் படத்துக்குத்தான்."

"படத்துக்கா?" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

வெளிப்பக்கம் ஏதாவது காகிதம் ஒட்டலாம் என்று எழுந்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டும் வந்தன. கதிர்க்கட்டின் மேல், வெயிலில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. ஆண் தலையைத் திருப்பிப் பெண்ணைப் பார்த்தது.

"அசையாதே" என்றான்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூளை சொல்லி விரல் கேட்க நேரமாகும். டேப் லேசாக நெளிந்தது. அழுத்து, அழுத்து என்று மனசுக்குள் கதறினேன்.

கொட்டகைக் கூரையில் குருவிகளை விரட்டும் மேக்பைக் காக்கை ஒன்று வந்து இறங்கியது. இரண்டும் பதறிக் கிளம்பின. பெண் எங்கள் பிர்ச் மரத்துக்குப் போனது. ஆண், கண்ணாடியில் தெரிந்த பிர்ச் மரத்துக்கு வந்தது. ஈரக் கையுறையைச் சுவரில் எறிந்ததுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் கேமரா சொடுக்கியது.

வெளியே ஓடினேன். பனியில் கிடந்தது. எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஊதினேன். அலகில் ஒரு பொட்டு ரத்தம். சூடு இறங்கி விறைக்கும்வரை அங்கேயே நின்றேன். அப்புறம் விறகடுக்கின் ஓரமாகப் பனியைத் தோண்டிப் புதைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

"அது?" என்றான்.

"கொஞ்சம் மயங்கிக் கெடந்துது. பறந்து போயிடுச்சு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தான். நானும் பார்த்தேன். விறகடுக்கு, அதன் பக்கத்தில் என் பூட்ஸ் தடம், கிளறின பனி, ஒன்று விடாமல் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தேன்.

கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னான். காட்டினேன். வெறும் கதிர்க்கட்டு. ஒவ்வொரு ஓட்ஸ் மணியும் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் எடுத்த படங்களிலேயே துல்லியமானது அதுதான்.

மத்தியானம் போர்கில்ட் கேக்கோடு வந்தாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "ஆங், இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

அன்றே அடுப்புச் சாம்பலைக் கரைத்துக் கண்ணாடி முழுக்கப் பூசினேன். லென்ஸுக்கு மட்டும் சாஸர் வைத்து வட்டம் விட்டேன். மறுநாள் காலை பெண் பறவை தனியாக வந்து கதிர்மேல் உட்கார்ந்தது. தின்னவில்லை. மெல்லக் கூப்பிட்டது, நிறுத்தியது, திரும்பக் கூப்பிட்டது.

ஹல்வர் அந்த வட்டம் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"திருப்பு" என்றான்.

"கேமராவையா?"

"என்னை."

மன்னிப்புக் கேட்கலாம் என்று குனிந்தேன். சக்கரத்தின் பிரேக்கைத்தான் விடுவித்தேன். நாற்காலியைத் தள்ளிச் சுவரைப் பார்க்க வைத்தேன்.

பிப்ரவரி பாதிவரை அந்த விரல் அசைந்தது. தினமும் காலையில் பொத்தானை வைத்துப் புது டேப் ஒட்டினேன். அவன் ஒருநாளும் அழுத்தவில்லை.