குளிர் அவளுக்கு ஆகாது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போனில் வந்தது. அடுப்பில் பால் வைத்திருந்த நேரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"உங்க அக்காவோட செல்கள் இன்னும் எங்ககிட்ட வளர்ந்துட்டிருக்கு. இந்த மாசத்தோட எங்க பிரிவை மூடுறாங்க. என்ன பண்றதுன்னு உங்க அத்தான்கிட்ட கேட்டேன். உங்களைக் கேட்கச் சொன்னார்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அக்கா இறந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீட்டுத் துக்கத்தை எழுதக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. அதை மீறுவதாலோ என்னவோ, முதல் வாக்கியமே படுத்துகிறது. இதுவரை எழுதிப் பார்த்தவை:

என் அக்கா செத்துவிட்டாள், ஆனால் அவளைக் கொன்றது இன்னும்— (துப்பறியும் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

மனித உடலில் ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கான செல்கள்— (பாடப்புத்தகம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

அத்தான் செவ்வாய்க்கிழமை தோறும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு— (இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.)

2

அக்கா அச்சகத்தில் பிழை திருத்துபவள். மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிற வேலை. செல் பிரிவதும் நகலெடுக்கிற காரியம்தான் என்பதால், கதைக்குத் தோதாக நான் செய்த ஜோடனை இது என்று சந்தேகப்படுவீர்கள். அதற்குப் பயந்து முதல் படியில் அவளைத் தையல்காரி ஆக்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே பாத்திரம் படுத்துவிட்டது. என் அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. ஆகவே பிழை திருத்துபவள்தான், நம்பினால் நம்புங்கள்.

வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். அத்தான் தலையில் அடித்துக்கொள்வார். குளிர் அவளுக்குச் சுத்தமாக ஆகாது. மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போதுகூடக் கம்பளிக் காலுறையோடுதான் தூங்குவாள்.

என் கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான். முடிவைச் சொல்லாமல் நான் நழுவிய கதைகளின் அடியில் பென்சிலால் 'அப்புறம்?' என்று எழுதித் திருப்பித் தருவாள். "வாசகரே முடிவு பண்ணிக்கட்டும்னுதான்க்கா" என்பேன். "தைரியம் இல்லன்னு சொல்லு. அதுக்கு ஏன்டி வாசகரை இழுக்கிற?" என்பாள்.

(ரொம்ப நல்லவளாக வந்துவிட்டாள். அவள் வாய்க்குப் பயந்தே இரண்டு பேர் அச்சக வேலையை விட்டு ஓடினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

3

நோய் சினைப்பையில் தொடங்கியது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஊசி வைத்து எடுத்த நீரை ஆய்வுக்குத் தருகிறீர்களா என்று கேட்டபோது, "கீழ கொட்டுற தண்ணிதானே, தாராளமா எடுத்துக்கங்க" என்றாள். அதில் மிதந்த புற்றுநோய்ச் செல்கள் ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வளர ஆரம்பித்தன. அவள் போன பிறகும் வளர்ந்தன.

அக்கா போன பிறகு நன்றி சொல்லப் போன அத்தானிடம், எனக்குப் போன் செய்த அந்த ஆய்வாளர் குடுவையைக் காட்டிவிட்டார். காட்டியிருக்கக் கூடாது. யாருடையது என்று தெரியாமலிருக்கத்தான் குடுவைமேல் வெறும் எண் மட்டும் எழுதி வைப்பார்கள். "அன்னிக்கு அவர் அழுத அழுகையில எனக்குச் சட்டமெல்லாம் மறந்துபோச்சு" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அத்தான் அதிலிருந்து எல்லாச் செவ்வாயும் அங்கே போகிறார். எனக்கு இது தெரிந்தது அந்தப் பால் பொங்கிய அன்றுதான்.

போன செவ்வாய் நானும் கூடப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. ஒரு குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து குடுவையை எடுத்தார். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகியிருந்தது. செல்கள் தின்று தீர்த்தால் அப்படித்தான் மஞ்சளாகுமாம்.

"பார்த்தியா, பசிச்சிருக்கு அவளுக்கு" என்றார் அத்தான். கையுறை போட்ட கையால் குடுவையை வாங்கிக்கொண்டார். "தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு இருக்கு."

நான் தொடவில்லை. பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. உருண்டையாகத் திரண்டிருந்த ஒன்று நடுவில் இடுங்கி, பிரிகிற நிலையில் இருந்தது. என் அக்காவைத் தின்றவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள்.

ஆய்வாளர் என்னை மட்டும் வெளியே நடைவழிக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி நின்னு சரிபார்க்கும். ஒவ்வொரு குரோமோசோமையும் ரெண்டு பக்கத்துலேருந்தும் நூல் பிடிச்சிருக்கான்னு. ஒண்ணு பிடிபடலன்னாலும் காத்திருக்கும்.* ரொம்பக் கெட்டுப்போச்சுன்னா தன்னைத் தானே முடிச்சுக்கும். இதுங்களுக்கு அந்த நிதானமும் போயிடுச்சு, சாகவும் தெரியல."

"இப்ப என்ன பிரச்சினை?"

"நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுல எழுபது இருக்கு, பக்கத்துல இருக்கிறதுல அறுபதுதான் இருக்கு. பிரியப் பிரிய மாறிட்டே போகுது. அன்னிக்கு எடுத்ததும் இன்னிக்கு இருக்கிறதும் ஒண்ணு இல்ல."

"அப்ப இது அக்கா இல்லையா?"

"ஒரு விதத்தில..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "ரெண்டு வழிதான் இருக்கு. உறைய வச்சு வேற ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். இல்ல, பிளீச் ஊத்தி அழிச்சிடலாம்" என்றார்.

* பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவளின் உடம்புக்குள், இழுத்துப் பார்க்காத ஒரு செல். இது யாரோ எழுதிய கதையாக இருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று அக்கா திருப்பி அனுப்பியிருப்பாள்.

4

திரும்பி வரும்போது பேருந்தில் அத்தான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"உறைய வைக்கிறதுன்னா எவ்வளவு குளிர்?"

"ரொம்ப, அத்தான்."

"அவளுக்கு ஆகாதே" என்றார். "அந்த மேடம் எதைக் கேட்டாலும் 'ஒரு விதத்தில'ன்னு ஆரம்பிக்கிறாங்க. நீ அவகூடப் பொறந்தவ, நீ சொல்லு. அது அவதானா? அவன்னா, குளிர்னாலும் பரவாயில்ல, எங்கயோ இருக்கட்டும். அவ இல்லன்னா கொட்டிரச் சொல்லு."

"யோசிச்சு சொல்றேன் அத்தான்" என்றேன். யோசித்ததை இங்கே வைக்கிறேன்.

முடிவு ஒன்று: "ஆமா அத்தான், அவதான்" என்கிறேன். குடுவையிலிருந்து சிறு குப்பிக்கு மாற்றி, திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். பிரிவது நிற்கும், சாவதும் நிற்கும். அத்தான் மிச்ச வாழ்நாள் முழுக்கப் போர்வையை இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் அதை நினைப்பார்.

முடிவு இரண்டு: "இல்ல அத்தான், அது அவளைக் கொன்னது" என்கிறேன். பிளீச் ஊற்றுகிறார்கள். அவருக்கு மனைவி இரண்டாம் முறை சாகிறாள். எனக்கு இதில் ஒரு பழிவாங்கும் சந்தோஷம் இருக்கிறது. அதனாலேயே இந்த முடிவை எடுக்கக் கை வரவில்லை.

முடிவு மூன்று: ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறேன். என் வழக்கமான முடிவு. மாதம் முடியும், அறையைப் பூட்டுவார்கள், திரவத்தை மாற்ற ஆள் இருக்காது. அது மஞ்சளாகி, இன்னும் மஞ்சளாகி—

இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் உறைத்தது. முடியத் தெரியாமல் வளர்ந்த ஒன்றால்தான் என் அக்கா செத்தாள். முடியாமல் விடுவதைத்தான் நான் இத்தனை காலம் கதையின் அழகு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

5

அழகான கடைசிப் பத்தி ஒன்றை இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அதில் அத்தான் தாமாகவே புரிந்துகொண்டு புன்னகை செய்தார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

நேற்றுப் போன் செய்தார். "அந்தக் குளிர்ப்பெட்டிக்குள்ள வேற ஏதாவது வைக்க விடுவாங்களா?" என்று கேட்டார். "எதை அத்தான்?" என்றேன். "அவ காலுறை ஒரு ஜோடி துவைச்சு வச்சிருக்கேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

நாளை செவ்வாய். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பையுமாக அவர் என் வீட்டுக்கு வருவார். இங்கிருந்து இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. வாசலிலேயே கேட்டுவிடுவார்.

தைரியம் இல்லை அக்கா. ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, இவ்வளவு தூரம் படித்துவிட்ட நீங்கள்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், எதையும் மறைக்கவில்லை. மணி அடித்ததும் போய்த் திறங்கள். "அவதானே?" என்பார். பையைப் பார்க்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.